விட்ட மூச்சை இழுக்கும் வண்டி

சித்தி வண்டி ஓட்டினால் பின்னால் வருகிறவர்களுக்குக் கோபம் வரும். உள்ளே இருக்கும் முட்டைகளுக்கு மட்டும் எதுவும் தெரியாது. முட்டை மண்டியில் அவளுக்கு 'மெத்தை' என்று பெயர். "மெத்தை வந்தாச்சா?" என்று மண்டிக்காரர் கேட்டால், சித்தியின் டீசல் வேன் வாசலுக்கு வந்துவிட்டதா என்று அர்த்தம். அந்தப் பெயரை அவள் ஒரு பட்டம் மாதிரிதான் வைத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வாங்குவதற்கு முன்பு அதே மண்டியின் உள்ளறையில் அவள் முட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டான அறை. ஒரு பெட்டிக்குள் விளக்கு, பெட்டியின் மேல் முட்டை உட்காரும் அளவுக்கு ஓட்டை. அதில் முட்டையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்துவிடும்: ரத்தப் பொட்டு, கலங்கிய கரு, மயிரிழை விரிசல். நல்லது என்று அவள் அடுக்கி அனுப்பிய தட்டுகள் கடைக்குப் போய்ச் சேரும்போது ஒழுகிக்கொண்டிருந்தன. அப்போதிருந்த டிரைவர் வேகத்தடையைக் கண்டால் ஆசையாக ஏறுகிறவர்.

"நான் பார்த்துப் பார்த்து அனுப்புறேன், இவன் ஆம்லெட்டா இறக்குறான்" என்று சித்தி மண்டிக்காரரிடம் முறையிட்டாள்.

"அப்ப நீயே ஓட்டேன்" என்று அவர் சிரித்தார்.

அவர் விளையாட்டுக்குச் சொன்னதைச் சித்தி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள், பழைய வேன் ஒன்றை வாங்கினாள், டவுன் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கும் முட்டை போடும் வேலை அவள் கைக்கு வந்தது.

அவளுடைய ஓட்டத்துக்குச் சில சட்டங்கள் இருந்தன. என்ஜின் உறுமக் கூடாது. முடிந்தவரை பெரிய கியர், சின்ன வேகம். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தாலே காலை எடுத்துவிடுவாள். வண்டி தானாக ஊர்ந்து போய் நிற்கும். கடைக்குக் கடை தட்டு இறக்கும்போது என்ஜினை அணைக்கவே மாட்டாள். "ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு உதறு உதறும் பாரு, அதுல மேல் தட்டு முட்டை ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும்" என்பாள். அதனால் கடைக்காரர் கதை பேசி முடிக்கும் வரை வண்டி வாசலில் முனகிக்கொண்டே நிற்கும்.

கோளாறு ஆஸ்பத்திரிச் சாலைச் சிக்னலில் ஆரம்பித்தது. நின்ற வண்டி ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கியது, பிறகு அணைந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. சித்தி மறுபடி ஸ்டார்ட் செய்து அடுத்த சிக்னல் வரை போனாள். அங்கேயும் அதே நடுக்கம், அதே அமைதி. பின்னால் கறுப்பாகப் புகை விட்டுக்கொண்டே நேராக மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள்.

"எங்கேக்கா நிக்குது?" என்று மெக்கானிக் கேட்டார்.

"சிக்னல்ல."

"எந்தச் சிக்னல்ல?"

"நிறுத்துன எல்லாச் சிக்னல்லயும்."

அவர் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துப் போனார். கொஞ்ச நேரம் கழித்துப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினார். "குதிரையாட்டம் ஓடுதுக்கா. ஒரு குறையும் இல்ல."

"அந்த மஞ்சள் லைட்டு?"

"எந்த லைட்டு?"

சித்தி எட்டிப் பார்த்தாள். விளக்கு அணைந்திருந்தது. நடுக்கமும் இல்லை. டாக்டரைப் பார்த்ததும் பிள்ளைக்கு ஜுரம் இறங்கிவிடுவது போல வண்டி அடக்கமாக நின்றது. மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு, மரியாதையாகத்தான் கேட்டார்: "நீங்க கிளட்ச்சை முழுசா மிதிக்கிறீங்கல்ல?"

அன்று வீட்டுக்கு வந்தவள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, என்ஜினை அணைத்த பிறகும் கிளட்ச்சை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு மாடியறையில் தங்கித்தான் நான் வேலைக்குப் போய்வருகிறேன். ஜன்னலிலிருந்து பார்த்தபோது அவள் தையல் மெஷின் மிதிப்பது போலத் தெரிந்தது.

சித்தப்பா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். சைக்கிளில்கூடப் பின்னால் உட்கார்ந்து போய்த்தான் பழக்கம். ஆனாலும் சாப்பிடும்போது விசாரணையை அவர்தான் தொடங்கினார்.

"அறிகுறி என்ன, சொல்லு."

"நின்னா நடுங்குது. சூடாயிட்டா ஜாஸ்தி. கறுப்பாப் புகை விடுது. மேட்டுல இழுக்க மாட்டேங்குது."

"மலச்சிக்கல்" என்றார் யோசிக்காமல்.

"வண்டிக்கா?"

"யாருக்கா இருந்தாலும் இதுதான் அறிகுறி."

"உங்களுக்கு எல்லாமே அதுதான். போன வாரம் பக்கத்து வீட்டு டிவிக்கும் இதையேதான் சொன்னீங்க."

அந்த வாரம் முழுக்க இதே கண்ணாமூச்சிதான். சித்தி ஓட்டினால் நிற்கும்; மெக்கானிக் ஓட்டினால் ஓடும். விளக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போது எரியும், ஒர்க்‌ஷாப் வாசலில் அணைந்திருக்கும். அவர் பேட்டரி முனைகளைத் தேய்த்தார், டீசல் ஃபில்டரை மாற்றினார், காற்றுக் குழாயைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு ஒரு ரவுண்டு போய்வந்து, "இப்ப சரியாயிடுச்சு" என்பார். எது சரியானது என்று அவருக்கும் தெரியாது. மறுபடி ஆஸ்பத்திரிச் சாலையில் வண்டி நிற்கும்.

அப்படி நின்ற ஒரு நாளில் நோயாளிகளுக்குக் காலைச் சாப்பாடு தாமதமானது. மண்டிக்காரர் சித்தியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே நல்ல சேதி இல்லை என்று மண்டியில் எல்லோருக்கும் தெரியும்.

"தங்கச்சி, உன் கையில குடுத்தா முட்டை உடையாது. ஒத்துக்கறேன். ஆனா வந்து சேரணும்ல? அந்தச் சமையல்காரர் போன்லயே என்னைப் பொரிச்சு எடுத்துட்டாரு."

"சரி பண்ணிடறேண்ணே."

"பண்ணு. ஆனா இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னுச்சுன்னா டவுன் ரூட்டை மச்சானுக்குக் குடுத்துடுவேன். புது வண்டி வாங்கிட்டுச் சும்மா நிக்கிறான்."

மச்சான் வாசலில் தன் புது வேனின் மேல் சாய்ந்துகொண்டு பல் குத்திக்கொண்டிருந்தார். மண்டிக்காரரின் மனைவியுடைய தம்பி. வயது நாற்பதை நெருங்கியிருக்கும். செய்யாத தொழில் இல்லை, நிலைத்த தொழிலும் இல்லை.

"அவரு பதமா ஓட்டுவாராண்ணே?" என்று சித்தி மெல்லக் கேட்டாள்.

"மாட்டான். உடைப்பான். ஆனா போய்ச் சேந்துடுவான்."

அன்று சாயங்காலம் சித்தி மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். "வண்டி கெட்டுப்போச்சுன்னா பாகத்தை மாத்தலாம். நான்தான் கெடுக்கறேன்னா? என்னை எங்கே கொண்டுபோய் மாத்துறது?" என்றாள். ரூட் போவதைவிட அந்தக் கேள்விதான் அவளை அரித்தது. மெக்கானிக் கையில் ஓடுகிற வண்டி தன் கையில் நிற்கிறது என்றால், இத்தனை காலம் 'மெத்தை' என்று கூப்பிட்டதெல்லாம் கேலியா?

நான் போனில் தேடினேன். ஆங்கிலத்தில் படித்துச் சொல்வது வீட்டில் என் வேலை. ஒருவர் வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லியிருந்தார், இன்னொருவர் டீசலில் எதையோ கலக்கச் சொல்லியிருந்தார், மூன்றாமவர் இந்த வண்டியை விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பதாக எழுதியிருந்தார். படிக்கப் படிக்க, எங்கள் இருவருக்கும் முன்பு தெரிந்ததும் குழம்பிப்போனது.

மறுநாள் என் விடுமுறை. விளக்கு எரியும்போதே பிடித்துவிட வேண்டும் என்று, வண்டியை எங்கேயும் நிறுத்தாமல் என்னையும் ஏற்றிக்கொண்டு சித்தி ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். மெக்கானிக் ஓடிவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் செருகினார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. "ஈ.ஜி.ஆர். வால்வு" என்றார். எடுத்துச் சொல்லத்தான் அவருக்குச் சட்டென்று வராது. அது என்ன செய்கிறது என்று சித்தி கேட்டதும் அவர் என்னைப் பார்த்தார். நான் போனில் படித்துச் சொன்னேன்.

"என்ஜின் வெளியே விடற புகையில கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள்ளயே அனுப்பற ஒரு கதவு, சித்தி."

நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவள் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. "வெளியே விட்ட புகையையா?"

"ஆமா."

"விட்ட மூச்சையே திரும்ப இழுக்குதா?"

"கொஞ்சம்தான்."

"எதுக்கு?"

"காத்து கெடாம இருக்கறதுக்கு."

"யாரோட காத்து?"

"வெளியே இருக்கற காத்து."

"அப்ப என் வண்டி கெட்டாப் பரவாயில்லையா?"

மெக்கானிக் இடையில் புகுந்தார். "எனக்கும் ரொம்ப நாளா இதே சந்தேகம்தாங்க்கா. உள்ளே எரியற சூடு கொறைஞ்சா வெளியே போற கெட்ட வாயு கொறையும்னு சொல்றாங்க. அந்தக் கதவு தேவைப்பட்டாத் திறக்கணும், இல்லன்னா மூடணும். உங்களோடது திறந்த வாய் மூடாம நிக்குது. நிறுத்தத்துல நல்ல காத்துக்குப் பதிலா புகையாக் குடிச்சு, மூச்சு முட்டி அணைஞ்சுடுது."

"அதை ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நான் ஓட்டுனா மூடிக்குதே! நான் என்ன பண்ணட்டும்?"

அவர் வால்வைக் கழற்றி எடுத்தார். உள்ளங்கை அளவுதான் இருந்தது. வாய் முழுக்க ஈரக் கரி, அடுப்பில் தீய்ந்த பாத்திரம் மாதிரி. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, ஏதோ திரவம் அடித்து, பழந்துணியால் துடைத்து மறுபடி மாட்டினார். சித்தி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் சித்தப்பா கையைத் தட்டினார். "அடைப்பு! நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" இரண்டு நாள் அவர் தெருவில் நடந்த விதமே வேறாக இருந்தது.

கொஞ்ச நாள் வண்டி நன்றாக ஓடியது. பிறகு ஒரு காலையில் பழைய நடுக்கமும் மஞ்சள் விளக்கும் திரும்பி வந்தன. வண்டி அணையவில்லை, ஆனால் அணையப்போகிறது என்று சித்திக்குத் தெரிந்தது. மறுபடி ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது அங்கே இருந்த லாரி டிரைவர் ஒருவர், வால்வு வாயில் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிட்டால் தொல்லை விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். சித்திக்கு ஆசை வந்தது. மெக்கானிக்தான் தடுத்தார். "வருஷாவருஷம் புகைச் சோதனைக்குப் போகணுமேக்கா. அங்கே மாட்டிக்குவீங்க. விளக்கும் அணையாது."

"சரி, மூக்கை அடைச்சாச் சளி போயிடுமா என்ன" என்று சித்தியே சமாதானமானாள். "ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். நீ எங்கே கொண்டுபோய் ஓட்டுற? நானும் வரேன்."

அதுவரை ஒவ்வொரு தடவையும் அவள் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்றிருந்தாள். தன் வண்டியை அவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்த்ததே இல்லை. அன்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். விடுமுறை என்பதால் கூட வந்திருந்த நான் பின்னால் காலித் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தேன்.

மெக்கானிக் தெருமுனை வரைதான் மனிதராக ஓட்டினார். பைபாஸில் ஏறியதும் சின்ன கியரில் போட்டு ஒரே மிதி. என்ஜின் அலறியது. தட்டுகள் என் மேல் சரிந்தன. சித்தி ஒரு கையால் கதவையும் மறு கையால் டாஷ்போர்டையும் பிடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி! என் வண்டிய இப்படியா ஓட்டுவ?"

"டெஸ்ட்டுன்னா இப்படித்தாங்க்கா ஓட்டணும்!"

"இது டெஸ்ட்டா, கொலையா?"

பின்னால் கறுப்பாகப் புகை கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் அது வெளுத்தது, பிறகு இல்லாமலே போனது. வண்டி இலகுவானது எனக்கே தெரிந்தது. சித்தி ஸ்டியரிங்குக்குப் பின்னால் பார்த்தாள். விளக்கு அணைந்திருந்தது.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். அதே பைபாஸ், ஓரமாக, பெரிய கியரில், சத்தமில்லாமல். சைக்கிள் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. மெக்கானிக் முதலில் வெளியே பார்த்தார், பிறகு சித்தியின் காலைப் பார்த்தார், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, எப்பவுமே இப்படித்தான் ஓட்டுவீங்களா?"

"இதுக்கென்ன?"

"ஒண்ணும் இல்ல. அழகா ஓட்டுறீங்க." மறுபடி அவள் காலைக் குனிந்து பார்த்தார். "கடையில இறக்கும்போது என்ஜின்?"

"ஓடிட்டே இருக்கும்."

"ஓ" என்றார்.

ஒர்க்‌ஷாப்பில் வந்து இறங்கியதும், சொல்ல வந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு ஸ்பேனரை எடுத்துக் கீழே வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மெதுவாப் போறதுல உள்ளே சூடு ஏற மாட்டேங்குது. கரி எரிஞ்சு போகாம அங்கங்கே படியுது. நான் விரட்டும்போது ஒட்டுனது உதிர்ந்து கதவு மூடிக்குது. நீங்க ஓட்டுனாத் திரும்பப் படியுது. இப்படித்தான் இருக்கணும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? தெரியாதா?"

"நினைக்கிறேன்க்கா."

"அப்ப நான் ஓட்டுறது தப்பா?"

"தப்பு இல்ல. ரொம்ப நல்லா ஓட்டுறீங்க. அதுதான் பிரச்சினை."

திட்டினால் திருப்பித் திட்டலாம், பாராட்டினால் சிரிக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று சித்திக்குத் தெரியவில்லை.

பழைய வால்வு சுரண்டிச் சுரண்டித் தேய்ந்திருந்தது. புதியது மாட்டினார்கள். வாரத்துக்கு ஒரு தரமாவது வண்டியைப் பைபாஸில் நன்றாக விரட்டிக்கொண்டு வரும்படி மெக்கானிக் சொல்லி அனுப்பினார். இல்லாவிட்டால் இதுவும் அடைத்துக்கொள்ளும் என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தி என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே போகிறோம் என்று சித்தப்பா கேட்டார். எங்கேயும் இல்லை என்றோம். "எங்கேயும் இல்லாத இடத்துக்கு எதுக்கு டீசல்?" என்றார். நியாயமான கேள்விதான். சித்தி பதில் சொல்லாமல் உள்ளே போய், வீட்டுக்கு வைத்திருந்த முட்டைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வண்டியின் பின்னால் வைத்தாள். கட்டவில்லை, துணி சுற்றவில்லை.

"எதுக்கு சித்தி?"

"சாட்சிக்கு."

பைபாஸில் ஏறினாள். கியரைக் குறைத்து மிதித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கசப்பு மருந்து குடிப்பவள் முகம் மாதிரி இருந்தது. என்ஜின் உறும உறும அவள் தோள்கள் காதுவரை ஏறின. ஆனால் வேகம் பிடித்து ஒரே சீராக ஓட ஆரம்பித்ததும் சாலை வழுவழுவென்று பின்னால் போனது. நிறுத்தமில்லை, திருப்பமில்லை, வேகத்தடை இல்லை. அடுத்த ஊருக்கு முன்னால் இருந்த பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்தாள்.

தட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அவள் முட்டைகளை இரண்டிரண்டாக எடுத்துக் காதருகே வைத்து லேசாகத் தட்டிப் பார்த்தாள். விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். எல்லாம் கணீரென்று பேசின.

"ஒண்ணுகூட உடையலியே" என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. கடைக்காரர் மீதியைத் தவறுதலாக அதிகம் கொடுத்துவிட்டது போலச் சொன்னாள்.

"நல்லதுதானே?"

"நல்லதுதான். அப்ப நான் இத்தனை காலமா எதுக்கு அப்படி ஓட்டுனேன்?"

"டவுனுக்குள்ள அப்படித்தானே ஓட்டணும்? குண்டும் குழியுமா இருக்கே."

"டவுனுக்கு அதுதான் சரி. முட்டைக்கும் அதுதான் சரி. வண்டிக்கு மட்டும் சரியில்ல." அவள் கதவைச் சாத்தினாள். "முட்டை முட்டைன்னு உள்ளே இருக்கறதையே பார்த்துட்டு இருந்துட்டேன் போல. எனக்கு ஒண்ணும் புரியலடி."

திரும்பும்போதும் கியரைக் குறைத்துத்தான் மிதித்தாள்.

மறுநாள் மண்டியில் போய் நின்றாள். அடுத்த ஊர் விடுதிகளுக்கு முட்டை போடும் பைபாஸ் ரூட் ஒன்று உண்டு. தூரம் அதிகம், விடியுமுன் கிளம்ப வேண்டும். வருகிற டிரைவரெல்லாம் நாலு மாதத்தில் ஓடிவிடுவார்கள். அதைத் தனக்குக் கொடுக்கச் சொன்னாள்.

மண்டிக்காரர் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"கோவமா தங்கச்சி? நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். புது வால்வு போட்டாச்சுன்னு சொன்னியே, டவுனையே ஓட்டேன்."

"இப்ப நிக்காதுண்ணே. இப்படியே ஓட்டுனா ஒரு நாள் நிக்கும். எந்த நாள்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை வச்சு நான் சோதனை பண்ண முடியாது."

"வண்டி நல்லா இருக்கு, ஆனா கெட்டுப்போகும். நீ நல்லா ஓட்டுற, அதனாலதான் கெட்டுப்போகும். இதைத்தானே சொல்ற?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"யாரு?"

"மெக்கானிக்கு. அவருக்கும் நிச்சயமாத் தெரியல."

மண்டிக்காரர் அங்கிருந்த ஒரே மேஜை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "எனக்குத் தலை சுத்துது. பைபாஸ் உனக்கு. டவுன் மச்சானுக்கு. போ, யாரும் என்கிட்ட வண்டியப் பத்திப் பேசாதீங்க."

பைபாஸ் ரூட்டின் முதல் நாளில் நானும் மண்டி வரை போயிருந்தேன். சித்தியின் வேனிலும் மச்சானின் புது வேனிலும் அடுத்தடுத்துத் தட்டுகள் ஏறின. மச்சான் பல் குச்சியை எடுத்து எறிந்துவிட்டு, சற்றுக் கூச்சத்துடன் பக்கத்தில் வந்தார். அவர் இப்படித் தணிந்து பேசி நான் பார்த்ததில்லை.

"அக்கா, கேக்கறேன்னு நினைக்காதீங்க. டவுனுக்குள்ள உடையாம ஓட்டுறது எப்படி? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. ஆஸ்பத்திரிக்காரரு உங்க பேரைச் சொல்லியே இப்பவே மிரட்டுறாரு."

சித்தியின் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. "அது ஒண்ணும் இல்ல தம்பி. பெரிய கியர்ல போட்டு, மிதிக்காம, அப்படியே..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அவருடைய புது வேனின் சக்கரத்திலிருந்து கூரை வரை ஒரு தரம் பார்த்தாள்.

"அப்படியே?"

"இல்ல, மிதிக்கணும்தான். அப்பப்ப மிதி. ஆனா மிதிச்சா உடையும்."

"அப்ப மிதிக்கலாமா, வேண்டாமா?"

"நீ கொஞ்ச நாள் ஓட்டு. நானும் ஓட்டறேன். அப்புறம் ரெண்டு பேரும் பேசுவோம்" என்று சொல்லிச் சித்தி வண்டியில் ஏறினாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். சித்தியின் வேன் மண்டி வாசலைத் தாண்டிப் பைபாஸ் பக்கம் திரும்பியது. தெருமுனையில் ஒரு கணம் தயங்கியது. பிறகு என்ஜின் உறுமும் சத்தம் கேட்டது, கொஞ்சம் அதிகமாகவே.